மௌசி

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்னச் சின்ன வீடுகள். ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்துகள். அங்கே தமிழர்கள் நிறையப் பேர். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கே இருக்கிறார்கள்.

அங்கே எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு பெரியம்மா வருகிறார். வயது 50 இருக்கும். பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை. 20 வருடத்துக்கு மேல் அதே வேலை. எழுத்துக் கற்றுக்கொண்டது சமீபத்தில்தான். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் சிலேட்டைக் கீழே வைத்துவிடுவோம். இந்தப் பாடம் முழுக்க அவர் சொன்ன கதைகள்.

எல்லோரும் சொந்தக்காரர்கள்

மும்பை ஆஸ்பத்திரிகளில் ஆயாவை யாரும் ஆயா என்று கூப்பிடுவதில்லை. இந்தி பேசுகிறவர்கள் "மௌசி" என்பார்கள். மராத்தி பேசுகிறவர்கள் "மாவ்ஷி" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள். அம்மா கூடப் பிறந்தவள். அதாவது நமக்குப் பெரியம்மா அல்லது சித்தி.

வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஆண்களை "மாமா" என்பார்கள். இது நமக்கும் தெரிந்த சொல்தான். நர்ஸ் எப்படியும் "சிஸ்டர்". ஆக வார்டு முழுக்கச் சொந்தக்காரர்கள். டாக்டர் மட்டும்தான் டாக்டர்.

ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தாத்தா வார்டில் படுத்திருந்தார். இந்தப் பக்கம் "மாமா!" என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் "மாமா!" என்று ஒரு சத்தம். கிழவர், குமரி, பையன் எல்லோரும் அதே ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். தாத்தா மௌசியிடம் கேட்டாராம்:

"ஏம்மா, இந்த ஊர்ல எல்லாருக்கும் இவருதான் பொண்ணு கொடுத்தாரா?"

அப்பாவைக் கூப்பிட்டால் மகன் வருவானா?

ஆஸ்பத்திரியில் முதலில் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும். அதில் பெயர் எழுதுவார்கள். மகாராஷ்டிரத்தில் ஒருவர் பெயருக்கு மூன்று பகுதி. முதலில் தன் பெயர். பிறகு அப்பா பெயர், அல்லது கணவன் பெயர். கடைசியில் குடும்பப் பெயர். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தில் என்ன எழுதுவது? அப்பா பெயரை எழுதிவிடுவார்கள்.

ஒருவர் பெயர் முத்து. அப்பா பெயர் மாடசாமி. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து "மாடசாமி! மாடசாமி!" என்று கூப்பிடுவார்கள். முத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஆள் உள்ளே போய்விடுவார். மணி 12 ஆகிவிடும். இப்படி முறை தவறிப் போனவர்களை மௌசி நிறையப் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் இப்படித்தான் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மௌசி அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டி விசாரித்தார். திரும்பி வந்து, "உன்னைத்தாம்ப்பா கூப்பிடுறாங்க" என்றார்.

"என்னையா? அது எங்க அப்பா பேரு. அவரு செத்துப் பத்து வருசம் ஆச்சு!"

"அவரு வரமாட்டாரு. நீ போ."

இப்போது தமிழ் முகம் தெரிந்தால் மௌசி முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "உங்க அப்பா பேரைச் சொன்னாலும் எந்திரிச்சுப் போங்க."

மஞ்சள் வாளி

வார்டின் ஒரு மூலையில் பல நிறத்தில் வாளிகள் இருக்கும். பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக இல்லை. ஆஸ்பத்திரிக் குப்பையை எப்படிப் பிரிப்பது என்று 1998-ல் அரசு விதி போட்டது. 2016-ல் அதை மாற்றிப் புதிய விதி வந்தது. அதன்படி ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சளில் போகும். பிளாஸ்டிக் குழாயும் கையுறையும் சிவப்பில். கண்ணாடி நீலத்தில். ஊசிக்கு மட்டும் துளை விழாத வெள்ளை டப்பா.

மௌசி எழுத்துத் தெரியாத காலத்திலும் இதில் தவறியதில்லை. நிறம் போதும். வெளியிலிருந்து வருகிறவர்களோடுதான் தினமும் வழக்கு. ஒருவர் வாழைப்பழம் தின்றுவிட்டுத் தோலை மஞ்சள் வாளியில் போட்டார். மௌசி சத்தம் போட்டார். அந்த ஆள் கோபப்படவில்லை. "தோல் மஞ்சள். வாளியும் மஞ்சள். சரியாகத்தானே போட்டேன்?" என்றார். மௌசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழத்தோலுக்கு வேறு வாளி இருக்கிறது என்று காட்டினார்.

ஊசி விஷயத்தில் மட்டும் மௌசி சிரிப்பதில்லை. போட்ட ஊசி படுக்கை விரிப்பில் கிடந்தால் யாருக்கும் தெரியாது. விரிப்பைச் சுருட்டுகிற கையில் ஏறும். அந்தக் கை பெரும்பாலும் மௌசியின் கைதான். குத்திய ஊசி வழியாகக் கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். எச்.ஐ.வி. வரலாம். காமாலையில் ஒரு வகைக்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. மௌசி மூன்றும் போட்டிருக்கிறார். அதனால் விரிப்பை உதறாமல் எடுத்துவிடுவாரா என்ன? மாட்டார். ஓரத்தைப் பிடித்து, ஒருமுறை மெல்ல உதறிப் பார்த்துத்தான் சுருட்டுவார்.

பேடாவா, ஜிலேபியா?

மௌசி சில வருடம் பிரசவ வார்டில் இருந்தார். அங்கே மிட்டாய்க்குக் குறைவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு பழைய வழக்கம். ஆண் குழந்தை பிறந்தால் பேடா கொடுப்பார்கள். பெண் குழந்தை பிறந்தால் ஜிலேபி அல்லது பர்பி. என்ன குழந்தை என்று வாயால் சொல்லவே வேண்டாம். டப்பாவைத் திறந்தால் போதும்.

இந்த இனிப்புப் பேச்சில் ஒரு கசப்பும் இருந்தது. ஒரு நாள் ஸ்கேன் அறை வாசலில் ஓர் ஆள் மௌசியை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "மௌசி, பேடாவா, ஜிலேபியா? உள்ளே கேட்டுச் சொல்லுங்கள்."

அவர் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ஜிலேபி என்றால் என்ன செய்வார் என்று மௌசிக்குத் தெரியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். மகாராஷ்டிரம் 1988-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நாடு முழுமைக்கும் 1994-ல் சட்டம் வந்தது. அந்த அறை வாசலில் பலகையே மாட்டியிருந்தது. ஆனால் அன்று அந்த ஆளுக்குப் படிக்கத் தெரிந்தும் படிக்கவில்லை. மௌசிக்குப் படிக்கத் தெரியாது. விஷயம் தெரியும்.

"எனக்கு ரெண்டும் பிடிக்கும் பாபா" என்று சொல்லிவிட்டு மௌசி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

சில மாதம் கழித்து அதே ஆள் மனைவியோடு பிரசவத்துக்கு வந்தார். பெண் குழந்தை. அவர் முகம் சரியில்லை. ஆனால் அவருடைய அப்பா, வயதானவர், இரண்டு டப்பாவோடு வந்தார். ஒன்றில் பேடா. ஒன்றில் ஜிலேபி. வார்டு முழுக்கக் கொடுத்தார். ஏன் இரண்டு என்று யாரோ கேட்டதற்கு, "என் பேத்தி எதைத் தின்பாள் என்று இன்னும் தெரியாதே" என்றாராம்.

மூன்று எழுத்து அட்டை

வார்டில் சில கட்டில்களில் ஓர் அட்டை தொங்கும். அதில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. என்.பி.எம். மௌசி எத்தனையோ முறை அந்த அட்டையைத் தன் கையால் மாட்டியிருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அது தொங்கும் கட்டிலில் டீ கொடுக்கக் கூடாது. அது மட்டும் தெரியும்.

ஒரு முறை திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வந்து சேர்ந்தார். மகன் வீட்டுக்கு விருந்தாட வந்த இடத்தில் வயிற்று வலி. பித்தப்பையில் கல். காலையில் ஆபரேஷன். இரவு 12 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் இந்தியில் சொன்னார். ஆச்சிக்கு இந்தி தெரியாது. தலையை மட்டும் ஆட்டினார். சிஸ்டர் அட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

விடிகாலை 5 மணி. துணைக்கு இருந்த பேத்தி வெளியே போய் டீயும் பாவும் வாங்கி வந்தாள். பாவ் என்பது மும்பையில் விற்கும் சின்ன ரொட்டி. ஆச்சி டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார். இராப் பணியில் இருந்த மௌசி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஏம்மா, ஒரு வாய் டீ குடிச்சா உசிரா போயிரும்?"

"போனாலும் போகும் ஆச்சி."

ஏன் அப்படிச் சொன்னார்? ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். நாம் விழித்திருக்கும்போது சாப்பாடு தப்பான வழியில் போனால் புரை ஏறும். இருமி வெளியே தள்ளிவிடுவோம். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம். நுரையீரலில் இறங்கிவிடலாம். அதனால்தான் வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார். கெட்டியான சாப்பாட்டுக்கு நேரம் அதிகம். வெறும் தண்ணீருக்குக் குறைவு. பால் விட்ட டீ தண்ணீர்க் கணக்கில் வராது.

மௌசி இதையெல்லாம் தமிழில் சொன்னார். ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார். ஆனால் கோபம் போகவில்லை. அட்டையைக் காட்டிக் கேட்டார்:

"நான் அஞ்சாங் கிளாஸ் படிச்சவ. இதைத் தமிழ்ல எழுதிப் போட்டிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா?"

மௌசிக்கு அந்தக் கேள்வி குத்தியது. அப்போது அவர் எங்கள் வகுப்புக்கு வர ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பணி முடிந்ததும் மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்தார். சிஸ்டரிடம் பேனா வாங்கினார். எழுதினார்:

ஒன்றும் சாப்பிடக் கூடது. தண்ணீரும் கூடது.

இரண்டு இடத்தில் துணைக்கால் விட்டுப் போயிருந்தது. எழுதி முடித்துத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். பிழையைக் கண்டுபிடித்தார். இரண்டு காலையும் இடுக்கில் நுழைத்துப் போட்டார். சிஸ்டர் கேரளத்துக்காரர். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். மௌசி வாசித்துக் காட்டினார். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதே அட்டையில், தமிழுக்குக் கீழே மராத்தி, அதற்குக் கீழே இந்தி. இப்போது அந்த வார்டில் அப்படி நான்கு அட்டைகள் இருக்கின்றன. தமிழ்தான் மேலே!

ஆச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பேத்தியை அனுப்பி ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். தனக்கு இல்லை. மௌசிக்கு. "அன்னைக்கு நான் குடிக்காத டீ. நீ குடி" என்றார்.

நூற்றி ஒன்றா?

வீட்டுக்குப் போகும்போது ஆச்சி கையில் ஒரு மருந்துச் சீட்டு கொடுத்தார்கள். மருந்துப் பெயர் ஆங்கிலத்தில். பக்கத்தில் 1-0-1 என்று இருந்தது. ஆச்சி அதைச் சத்தமாகப் படித்தார்.

"நூத்தியொண்ணா! நூத்தியொரு மாத்திரை யானைக்குத்தான் கொடுக்கணும்!"

பக்கத்துக் கட்டில் வரை சிரிப்பு. மௌசி பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்டினார். முதல் எண் காலை. நடு எண் மதியம். கடைசி எண் இரவு. நடுவில் கோடு இருக்கிறது, பாருங்கள். காலையில் 1. மதியம் ஒன்றும் இல்லை. இரவில் 1. ஒரு நாளைக்கு 2 மாத்திரை. அவ்வளவுதான்.

கீழே இரண்டு சீட்டு இருக்கிறது. படியுங்கள்.

மாத்திரை 1-0-1. சாப்பாட்டுக்குப் பின். 5 நாள்.

மாத்திரை 0-0-1. படுக்கும் முன். 7 நாள்.

முதல் சீட்டுக்கு மொத்தம் எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்? இரண்டாவது சீட்டுக்கு எத்தனை? கடைக்காரர் இரண்டாவது மாத்திரையில் 10 கொடுத்தால், எத்தனையைத் திருப்பிக் கொடுப்பீர்கள்?