வாடகைக் கட்டடம் வாங்குமுன் காப்பீட்டுக் கணக்கு

நாலு வீடு கொண்ட சிறிய அடுக்குமாடியை வாடகைக்கு விட வாங்குகிறீர்களா? பத்திரத்துக்கு முன்பே பிரீமியத்தையும் கணக்கில் சேருங்கள்.

பலர் செய்யும் பிழை, வாங்கும் விலைக்கே காப்பீடு கேட்பது. மண் எரியாது, வெள்ளத்திலும் போகாது. மனை மதிப்பைக் கழித்துவிடுங்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவே காப்பீட்டுத் தொகை. வீட்டுக்கு 600 சதுர அடி வீதம் நாலு வீடு, மொத்தம் 2,400 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 52.8 லட்சம். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டிச் செலவைத் தனியே கூட்டுங்கள். நிறுவனம் ஆயிரத்துக்கு 50 பைசா கேட்டால் ஆண்டுக்கு 2,640 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடங்கும். தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும். சேதத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்புக்கும் வழி உண்டு.

ஆனால் இது குடியிருப்புக்கான பாலிசி. கீழ்த்தளத்தில் கடை இருந்தால் மறைக்காதீர்கள். அந்தப் பகுதிக்கு வேறு பாலிசி வேண்டும். லிஃப்ட், மோட்டார் பழுதும் இதில் வராது. சென்னையில் தாழ்வான பகுதி என்றால் 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள்.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.