சொத்துக் கணக்கு எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, ஊராட்சி வார்டுக்கு நிற்கிறாயோ, தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்திருக்கிறாயோ, ஒருநாள் சட்டமன்றத்துக்கே போவாயோ, எனக்கு மூன்றும் ஒன்றுதான். மூன்றிலும் உன்னிடம் இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தை வெறும் சடங்கு என்று நினைத்தவர்கள் பின்னால் பட்ட பாட்டை, வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதிலும் நம் சிறுசேரிப் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஏக்கரில் நிலம் பேசிய ஊர், சிப்காட் வந்தபின் சென்ட்டில் பேசி, இப்போது சதுர அடியில் பேசுகிறது. நிலத்தின் விலை இப்படி ஏறும் இடத்தில் பதவிக்கு வருகிறவரின் மனம் தினமும் சோதிக்கப்படும்.

1. முதல் நாளே எழுது. அரசு வேலையில் சேர்ந்தவுடன் சொத்து விவரம் கேட்பார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-லிருந்து இருக்கின்றன. அப்பா கொடுத்த அரைக்காணி, பாட்டி போட்ட சங்கிலி, கூட்டுறவுச் சங்கக் கடன் எதையும் விடாதே. என்னோடு வேலை பார்த்த ஒருவர், "பூர்வீக நிலம்தானே, இதை எதற்கு எழுத வேண்டும்" என்று விட்டுவிட்டார். பணி ஓய்வுக்கு அருகில் விசாரணை வந்தது. அந்த நிலத்தை விற்ற பணத்தில்தான் வீடு கட்டினேன் என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் சேர்ந்த நாளில் கொடுத்த தாளில் அந்த நிலமே இல்லை. மனிதர் நல்லவர், ஓய்வூதியம் கைக்கு வருவதற்குள் பாதியாக இளைத்துப்போனார்.

2. கணக்கு எப்படிப் பார்க்கப்படும் என்று தெரிந்துகொள். சொத்துக்குவிப்பு வழக்கு என்று செய்தித்தாளில் படிக்கிறாயே, அதன் உள்ளே இருப்பது பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல்தான். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் வழக்கை எடுத்துக்கொள். 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை கணக்கு சரிபார்க்கப்பட்ட காலம். அரசுத் தரப்பு சொன்னபடி தொடக்கத்தில் சொத்து 2.01 கோடி ரூபாய், முடிவில் 66.44 கோடி. நடுவில் வருமானம் 9.34 கோடி, செலவு 11.56 கோடி. ஏறிய சொத்தோடு செலவைக் கூட்டி, வருமானத்தைக் கழித்தால் 66.65 கோடி. அந்தத் தொகைக்குத்தான் கணக்குக் கேட்டார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இன்படி, வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து கையில் இருந்து, அதற்கு நிறைவான விளக்கம் இல்லையென்றால் அதுவே குற்றம். யாரிடம் லஞ்சம் வாங்கினாய் என்று ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வருமானம் போலவே செலவையும் எழுதிவை. நம் வீடுகளில் வரவை எண்ணுகிறோம், செலவை எண்ணுவதில்லை. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்பது சொந்தபந்தத்துக்குச் சொன்னது. பதவிக்கு வந்தவருக்கு அது பொருந்தாது.

3. பிரமாணப் பத்திரத்தை நீயே உட்கார்ந்து நிரப்பு. வேட்பாளர் தன் சொத்தையும் கடனையும் வழக்குகளையும் வாக்காளருக்குச் சொல்ல வேண்டும் என்பது எளிதில் வந்த உரிமை இல்லை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்சிகள் கூடிப் பேசிச் சட்டத்தைத் திருத்தி அதை நீர்க்கச் செய்தன. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. அப்படி வந்த காகிதம்தான் படிவம் 26. உன் கணவர் அல்லது மனைவி, உன்னைச் சார்ந்தவர்கள் எல்லாருடைய சொத்தும் அதில் வரும். 2018-இல் இன்னொரு தீர்ப்பு, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதச் சொன்னது. கட்டங்களை வெறுமையாக விடக்கூடாது என்று 2013-லேயே சொல்லிவிட்டார்கள். இல்லாததற்கு 'இல்லை' என்று எழுது. தெரிந்தே மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. வேட்புமனு கடைசி நாளில், மூன்று மணிக்குக் கதவு மூடுவதற்குள், வக்கீல் குமாஸ்தா நீட்டிய பக்கங்களில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் இல்லை. தங்களைப் பற்றித் தாங்களே சத்தியம் செய்யும் ஒரு தாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்காதவர்கள்.

4. அடுத்தவர் பெயருக்குப் பின்னால் ஒளியாதே. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தின் நோயே இதுதான். ஓ.எம்.ஆரில் தெற்கே போனால், திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் சிறுதாவூரும் பையனூரும் வரும். ஜெயலலிதா வழக்கோடு சம்பந்தப்பட்ட சிறுதாவூர் பங்களாவை 2020-லும் பையனூர் பங்களாவை 2021-லும் பினாமிச் சட்டத்தின்கீழ் வருமான வரித் துறை முடக்கியது. அந்தச் சட்டம் 1988-லிருந்தே இருந்தாலும், பல் முளைத்தது 2016 திருத்தத்தில்தான். இப்போது ஒன்று முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், சொத்தின் சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம், அதோடு சொத்தே பறிபோகும்.

சட்டத்தை விடு, மனிதர்களைப் பார். பெயர் வேண்டாம், ஒரு அதிகாரி. காரோட்டியின் பெயரில் நாவலூர்ப் பக்கம் மனைகள் வாங்கினார். காரோட்டி விசுவாசமானவர், வாய் திறக்காதவர். ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் பிள்ளைகள் பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதிகாரியால் வழக்குப் போட முடியுமா? மனை என்னுடையது என்று சொன்ன மறுநிமிடம் அவர் குற்றவாளி. அந்த மனைகளைவிட எனக்கு வலித்தது வேறு. அப்பா எத்தனை வருடம் பயந்துகொண்டே வண்டி ஓட்டினார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரிந்தது. உன்னிடம் வேலை பார்ப்பவரின் ஏழ்மையை உன் பெட்டகமாக்காதே. மனைவி பெயரில் வாங்குவதானால் அவர் சம்பாதித்ததில் வாங்கு, இல்லையென்றால் உன் பணம் என்று எழுதிவிட்டு வாங்கு.

5. மொய்க்கு நோட்டு வை. பதவியில் இருப்பவர் வீட்டுக் கல்யாணம் சாதாரணக் கல்யாணம் ஆகாது. 1995 செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் செலவு மட்டும் மூன்று இடத்தில் மூன்று தொகை ஆனது. அரசுத் தரப்பு ஆறு கோடிக்கு மேல் என்றது. விசாரணை நீதிமன்றம் 3 கோடி என்றது. உயர் நீதிமன்றம் 28 லட்சத்துச் சொச்சம் என்றது. பந்தலுக்கும் பந்திக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்று இருபது வருடம் கழித்து நீதிபதிகள் கேட்கும் நிலை உன் வீட்டு விசேஷத்துக்கு வரக்கூடாது. மாமன் சீர், பங்காளி மொய் எல்லாம் நம் வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். நீ அவர்கள் வீட்டுக்குச் செய்த அளவில் திரும்பி வந்தால் அது உறவு. நீ ஒரு ரூபாயும் செய்யாத ஒப்பந்ததாரர் ஐந்து பவுன் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் மொய் இல்லை. மேடையிலேயே கைகூப்பித் திருப்பிக் கொடுத்துவிடு. மறுநாள் கொடுத்தனுப்பினால் ஊருக்குத் தெரியாது. அனுமதி வாங்க வேண்டியதற்கு அனுமதி வாங்கு. தெரிவிக்க வேண்டியதை எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்து.

6. வரி கட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இராதே. நிறையப் பேர் நம்பி ஏமாந்த இடம் இது. வருமான வரிக் கணக்கில் காட்டியதாலேயே பணம் நேர்வழியில் வந்தது என்று ஆகிவிடாது என ஜெயலலிதா வழக்கின் 2017 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறந்தநாள் பரிசு என்று காட்டிய தொகைகளையும் நேர்மையான வருமானமாக ஏற்கவில்லை. உளுத்த விதையைப் பட்டுத்துணியில் முடிந்து வைத்தாலும் அது முளைக்காது.

7. நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட செய்தியை வைத்து நிலம் வாங்காதே. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலை நடக்கிறது. நிலையம் எங்கே வரும், சாலை எங்கே அகலமாகும், எந்தச் சர்வே எண் வகைமாற்றம் ஆகும் என்பது மக்களுக்கு முன்னால் சிலருக்குத் தெரியும். அந்தச் சிலரில் நீ ஒருவராக இருக்கும்போது, விவரம் தெரியாத ஒரு விவசாயியிடம் அட்வான்ஸ் கொடுத்து நிலம் முடிப்பது அவர் கஞ்சியைக் குடிப்பதுதான். அரசோடு ஒப்பந்தம் வைத்திருந்தால் சட்டமன்ற உறுப்பினர் தகுதி இழப்பார் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. ஊராட்சிச் சட்டத்திலும் அப்படி உண்டு. ஆனால் மைத்துனர் பெயரில் டெண்டர் போவதையும், தன் மனைப்பிரிவு பற்றிய தீர்மானத்துக்குத் தானே கை தூக்குவதையும் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. "இதில் எனக்குச் சம்பந்தம் உண்டு" என்று கூட்டத்தில் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லி, வெளியே போய் உட்கார். ஒருமுறை அப்படி எழுந்துபோன ஓர் ஊராட்சித் தலைவரை அறிவேன். அவர் கட்சிக்காரர்களே கோபித்தார்கள். அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சித் தெருவிலும் அவருக்கு ஓட்டு விழுந்தது.

8. கேட்காவிட்டாலும் வருடா வருடம் சொல். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31-க்குள் அசையாச் சொத்து விவரம் கொடுக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவியேற்ற 90 நாளில் சொத்தையும் கடனையும் தெரிவிக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் சட்டமன்ற உறுப்பினர்கள் இல்லை. அவர்களுடைய சொத்து மக்கள் கண்ணில் படுவது அடுத்த வேட்புமனுவில்தான், ஐந்து வருடம் கழித்து. பிரிட்டனில் ஒரு எம்.பி.க்குப் புதிய வருமானமோ பரிசோ வந்தால் 28 நாளுக்குள் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே 2025 மே மாதம் தங்கள் சொத்து விவரங்களை இணையத்தில் போட்டார்கள். நம் சட்டமன்றத்துக்கும் அப்படியொரு விதி வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். வரும்வரை நீ காத்திருக்காதே. கிராமசபையில் ஒரு தாளாக ஒட்டு. 2018-இல் வந்த லோக் ஆயுக்தா சட்டம் அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் மீதும் புகார் விசாரிக்க வழி செய்திருக்கிறது. புகார் வந்தால் பதில் சொல்ல உன் சுவரிலேயே தாள் இருக்கட்டும்.

9. உன் கணக்கை நீயே கூட்டிப் பார். பெரிய இடத்திலும் கூட்டல் தப்பும். ஜெயலலிதா வழக்கில் 2015-இல் உயர் நீதிமன்றம் கணக்கில் எடுத்த பத்துக் கடன்களின் மொத்தம் 24.17 கோடி என்று தீர்ப்பில் இருந்தது. வரிசையாகக் கூட்டினால் 10.67 கோடிதான் வந்தது. அந்த ஒரு கூட்டலால், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வெறும் 8.12 சதவீதம் என்று ஆகி, பத்து சதவீதம் வரை பொறுக்கலாம் என்ற பழைய தீர்ப்பு துணைக்கு வந்து, விடுதலை கிடைத்தது. சரியாகக் கூட்டினால் 76 சதவீதத்தைத் தாண்டியது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பையே உறுதிசெய்தது. ஜெயலலிதா அதற்குள் மறைந்துவிட்டார். சிறைக்குப் போனவர்கள் அவரோடு குற்றம்சாட்டப்பட்ட மற்ற மூவர். வழக்கு 1996-இல் தொடங்கியது, ஒருவர் ஆயுள் முடிந்த பின்னும் ஓடியது. அதில் பறிமுதலான 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்க நகைகளும் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலப் பத்திரங்களும் 2025 பிப்ரவரியில்தான் வழக்கு நடந்த பெங்களூருவிலிருந்து தமிழக அரசின் கைக்கு வந்தன.

10. சம்பளத்தை வாங்கு. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்று ஜெயலலிதா சொன்ன ஆட்சிக் காலத்தின் கணக்குதான் மேலே நீ படித்தது. சம்பளம் வேண்டாம் என்பது பெருமையாகத் தெரியும்; ஆனால் குடும்பம் எதில் நடக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். நம் சட்டமன்ற உறுப்பினருக்கு 2018-இல் மாதம் 1,05,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஒரு குடும்பம் கௌரவமாக வாழலாம். வாங்கு, வங்கியில் போடு, அதற்குள் வாழ். வாழ முடியவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசு. பதவிக்கு வந்தவர் வழுக்குவது பெரும்பாலும் பேராசையால் இல்லை, கண்ணு. பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்துப் பிள்ளை கேட்ட கேள்விக்கு, "நம்மால் முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டதால்.

11. விட்டுப்போனது தெரிந்தால் அன்றே எழுது. மறந்த ஒரு வங்கிக் கணக்கு, அம்மா பெயரிலிருந்து உனக்கு வந்த பாகம், எதுவானாலும் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் உன் கடிதம் போய்ச் சேரட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. தாய்ப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பாஸ்புக், நகைக் கடன் ரசீது எல்லாம் எடுத்து வா. அம்மாவின் வளையல் எத்தனை கிராம் என்று நிறுத்துத் தெரிந்துகொண்டு வா. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முதல் தாளை முடித்துவிடலாம்.