பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள்?

அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க மாநில வாரியம் தரும் ஆர்.என். உரிமம் போதும். சிறப்புச் சான்றிதழ் அதற்கு மேல் அவரவர் விரும்பி எழுதித் தேறுவது. தீவிர சிகிச்சைக்கு சி.சி.ஆர்.என்., அவசரப் பிரிவுக்கு சி.இ.என்., புற்றுநோய்க்கு ஓ.சி.என்., ஆபரேஷன் தியேட்டருக்கு சி.என்.ஓ.ஆர். எனப் பட்டியல் நீளும். ஆர்.என். உரிமத் தேர்வான என்கிளெக்ஸில் தேறி அங்கே போகும் நம் ஊர் நர்ஸ்களுக்கும் இந்த ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. அது மீறும்போது முதலில் தூக்கம் போகும், பிறகு குடும்பத்துக்கான நேரம் போகும், கடைசியில் பாதிக்கப்படுவது நோயாளி.

செய்ய வேண்டியவை

• இன்று எந்த வார்டில் நிற்கிறீர்களோ அதற்கான சான்றிதழை முதலில் எடுங்கள். சி.சி.ஆர்.என். எழுதுவதற்கான வழிகளில் ஒன்று, முந்தைய 2 ஆண்டுகளில் கவலைக்கிடமான நோயாளிகளை 1,750 மணி நேரம் நேரடியாகக் கவனித்திருப்பது. அதில் 875 மணி கடைசி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். இதைத் தடையாக நினைக்காதீர்கள். வென்டிலேட்டர் அலாரம் அடித்ததும் கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த மணிகளில்தான் படிகிறது.

• புதுப்பிக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். சி.சி.ஆர்.என். 3 ஆண்டுக்கு, சி.இ.என். 4 ஆண்டுக்கு, சி.என்.ஓ.ஆர். 5 ஆண்டுக்குச் செல்லும். சி.சி.ஆர்.என்.-ஐ மறுபடி தேர்வெழுதாமல் புதுப்பிக்க 100 தொடர்கல்விப் புள்ளிகளும், நோயாளிகளுடன் 432 மணி நேரப் பணியும் தேவை. சி.இ.என்.-னுக்கும் 100 மணி நேரத் தொடர்கல்வி. ஒரே வகுப்பு சில நேரம் இரண்டுக்கும் உதவும். ஆனால் பணி நேரம் அப்படியல்ல, இரண்டு வார்டில் ஒரே ஷிப்டில் நிற்க முடியாது.

• இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதை ஒட்டியே தேடுங்கள். இதய அறுவை நோயாளிகளைப் பார்க்கும் ஐசியு நர்ஸுக்கு சி.எஸ்.சி. இருக்கிறது, அறுவை முடிந்த முதல் 48 மணி நேரக் கவனிப்பை மையமாகக் கொண்டது. நாளைக் காலை டூட்டியிலேயே அது பயன்படும்.

• தேர்வுக் கட்டணத்தை மருத்துவமனை ஏற்குமா, சம்பளம் உயருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• எழுத அனுமதி இருக்கிறது என்பதற்காக மட்டும் எழுதாதீர்கள். சி.இ.என்.-னுக்கு 2 ஆண்டு அனுபவம் பரிந்துரைதான், கட்டாயமில்லை. புத்தகத்தை மனப்பாடம் செய்தே தேறிவிட முடியும். எனக்குப் பெரிய கவலை இதுதான். பேட்ஜில் அந்த எழுத்துகளைப் பார்க்கும் சார்ஜ் நர்ஸ், நம்பி உங்களை ட்ரையாஜில் நிறுத்துவார். மார்புவலியோடு வந்து நிற்பவருக்கு நீங்கள் எந்த வழியில் தேறினீர்கள் என்று தெரியாது. அவருக்குத் தேவை அந்த நிமிடத்தில் சரியான முடிவு.

• பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். இரண்டையும் பெயருக்குப் பின் போடாதீர்கள். அவை 2 ஆண்டு செல்லும் பயிற்சி அட்டைகள். சிறப்புச் சான்றிதழ் ஆகா.

• வார்டு சலித்துவிட்டது என்பதற்காக இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் இடமாற்றம் கேளுங்கள். புதிய பிரிவில் ஓராண்டு வேலை பார்த்தால் அந்தத் தேர்வு தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

• தமிழ்நாட்டில் இருந்தபடியே சி.சி.ஆர்.என். கோச்சிங்குக்கு அவசரப்பட்டுச் சேராதீர்கள். அமெரிக்க ஆர்.என். உரிமம் இல்லாமல் அந்தத் தேர்வை எழுத முடியாது. என்கிளெக்ஸை முதலில் முடியுங்கள்.

• பிரிவு மாறிய பிறகும் பழைய சான்றிதழ் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம். விடுவதில் அவமானம் எதுவும் இல்லை. நேரடிக் கவனிப்பை விட்டு விலகுகிறவர்களுக்காக சி.சி.ஆர்.என். அமைப்பே 'அலம்னஸ்' என்ற நிலையை வைத்திருக்கிறது. காலாவதியானதை மட்டும் அன்றைக்கே பேட்ஜிலிருந்தும் கையெழுத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.