எண்ணைக் கேட்காதே, வேலையைக் கேள்

அன்புள்ள கயல்விழி,

"பிகேஜி-கான்ஃபிக் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடுகிறதே, அதற்கு மேல் என்ன சோதனை?" என்று கேட்டிருந்தாய். அது லைப்ரரியைத் திறந்து பார்ப்பதில்லை. லைப்ரரியோடு வரும் பிசி (.pc) கோப்பில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பதிப்பு எண்ணை ஜாதகம் போல நம்பும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் உண்டு.

குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கதையைக் கேள். 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. 1.0.1எஃப் வரை பாதிப்பு, 1.0.1ஜி-யில் திருத்தம். டெபியனும் ரெட்ஹேட்டும் தங்களிடமிருந்த 1.0.1இ பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்துக் கொடுத்தன. ஓட்டை அடைபட்டது, எண் மாறவில்லை.

அதே மாதம் ஓப்பன்பிஎஸ்டி குழு அந்த மூலநிரலைத் தனியே பிரித்து லிப்ரெஎஸ்எஸ்எல்லைத் தொடங்கியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பதிப்பைச் சொல்லும் மாறிலியில் 2.0.0 என்று பொருள்படும் எண்ணை நிலையாக வைத்தது. தன் சொந்தப் பதிப்புக்கு வேறொரு மாறிலி. 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 வந்தது. அதுவரை எவராலும் நேரடியாகத் தொட முடிந்த பல ஸ்ட்ரக்ட்களை அது மூடிவிட்டு, அவற்றை அணுகப் புதிய ஃபங்ஷன்களைத் தந்தது. "1.1.0-க்கு மேல் என்றால் அந்த ஃபங்ஷன்கள் உண்டு" என்று எழுதிய நிரல்கள் லிப்ரெஎஸ்எஸ்எல்லில் கம்பைல் ஆகாமல் விழுந்தன. 2 பெரிய எண்தான், ஆனால் அங்கே அப்போது அந்த ஃபங்ஷன்கள் இல்லை!

உடனே பலரும் "லிப்ரெ என்றால் பழைய வழி" என்று ஒரு நிபந்தனையைச் செருகினார்கள். 2018-இல் லிப்ரெஎஸ்எஸ்எல் 2.7 அந்த ஃபங்ஷன்களில் பலவற்றைத் தானே சேர்த்துக்கொண்டது. செருகிய நிபந்தனையும் பொய்யாயிற்று. எண்ணால் வந்த பிழையை இன்னொரு பெயரால் திருத்தினால் இப்படித்தான் ஆகும்.

அப்படியென்றால் எதைச் சோதிப்பது? அதற்கு ஆட்டோகான்ஃப் என்ற கருவி வழி சொல்கிறது. அதன் கையேட்டில் வரலாற்று அத்தியாயத்தை அவசியம் படி. அந்த அத்தியாயத்தின் பகுதிகளுக்கு ஆதியாகமம் முதல் உபாகமம் வரை விவிலியத்தின் ஐந்து ஆகமங்களின் பெயர்கள்! 1991 ஜூனில் டேவிட் மெக்கன்சி பல குனு கருவிகளைப் பராமரித்துவந்தார். பயனர்கள் மேக்ஃபைலில் சுமார் 20 விருப்பங்களைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்க அவர் எழுதிய ஸ்கிரிப்டிலிருந்து வளர்ந்ததுதான் ஆட்டோகான்ஃப். அது சொல்லித்தரும் வழி எளிது: ஃபங்ஷனை அழைக்கும் குட்டி நிரலை எழுது, கம்பைல் செய்து லிங்க் ஆகிறதா பார். சிமேக்கிலும் இதற்கு வசதி உண்டு. இவ்வளவு காலமாகக் கையில் இருக்கும் வழியை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துவது சோம்பல், வேறொன்றுமில்லை.

பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறிய ஃபங்ஷன்களுக்கு எண் தேவைப்படலாம். அப்போதும் எழுத்துச் சரமாக ஒப்பிடாதே. அப்படி ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9-க்கு முந்தியதாகிவிடும்.

உன் கான்ஃபிகர் கோப்பில் பதிப்பைச் சோதிக்கும் வரியை எடுத்துவிடு. நிரல் உண்மையில் அழைக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகச் சோதி. பிறகு ஓப்பன்பிஎஸ்டி கணினியிலும் கம்பைல் செய்து பார்த்து, என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்