அடுத்த வருஷ மாடல் கப்பலேறும் வரை

போர்ட் பிளேயரில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்தே அறிவோம். அவ்வளவு சின்ன கூட்டம். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாக்கில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. புதிதாக வாங்க நினைக்கும் பையன்கள் எங்களில் நாலு பேரிடமாவது விசாரித்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, கடையில இருக்கிறதையே எடுத்துடவா, இல்ல அடுத்த வருஷ மாடல் வரட்டும்னு இருக்கவா?"

"மாறப்போறது பெயிண்டா, பாகமா? அதைப் பாத்துட்டு வா தம்பி" என்பேன்.

சைக்கிள் கம்பெனிகள் அடுத்த வருஷத்து மாடலை இந்த வருஷத்தின் நடுவிலேயே காட்டிவிடுவது பழைய வழக்கம். ஜெர்மனியில் நடக்கும் யூரோபைக் கண்காட்சியை ஒட்டி அந்தக் காய்ச்சல் வரும். கோவிட் வந்து இந்தக் கணக்கையே கலைத்தது. 2020, 2021-இல் பாகம் கிடைக்காமல் உலகமே காத்துக் கிடந்தது. 2023-இல் கிடங்கு நிரம்பி வழிந்து, தள்ளுபடி விலையில் தள்ளினார்கள். ட்ரெக் போன்ற கம்பெனிகள் இப்போது வருஷத்தைவிட 'ஜென் 3', 'ஜென் 4' என்று தலைமுறையைச் சொல்லித்தான் விற்கின்றன. ஒரு பிரேம் வடிவம் சில வருஷங்கள் அப்படியே ஓடும். நடுவில் வரும் 'புது மாடல்' பெரும்பாலும் நிறம், ஸ்டிக்கர், மிஞ்சினால் வேறு டயர்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இரண்டு வருஷத்து விவரப் பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பிரேம் அளவுகளையும் கியர் செட்டின் எண்ணையும் மட்டும் பாருங்கள். ஷிமானோவில் ஆர்2000 என்றால் கிளாரிஸ், ஆர்3000 சோரா, 4700 டியாக்ரா. 105-இல் ஆர்7000 என்றால் 11 கியர், ஆர்7100 என்றால் 12. எண்ணும் அளவுகளும் மாறவில்லையென்றால் காத்திருப்பதற்கு ஒன்றுமே இல்லை. பழைய நிறத்துக்குத் தள்ளுபடி கேட்டு வாங்கிவிடலாம்.

தீவுக்காரனுக்குக் காத்திருப்பதன் விலை மெயின்லேண்டில் இருப்பவனைவிட அதிகம். வருஷ நடுவில் அறிவித்தது இந்தியக் கடைக்கு வர மாதங்கள் ஆகும். நம் அளவு பிரேம் சென்னையில் ஒரு கடையில் வந்து நிற்க வேண்டும், பிறகு பெட்டி கட்டிக் கப்பலில் ஏற வேண்டும். கடலில் மூன்று நாள் என்றாலும், சரக்கு ஏறுவதற்கும் ஹேடோ ஜெட்டியில் இறங்கிக் கைக்கு வருவதற்கும் ஆகும் நாளை யாரும் சொல்ல முடியாது. இங்கே மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும், வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். நிம்மதியாக ஓட்டக் கிடைப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். காலை ஐந்துக்கே விடிந்துவிடுவதால் ஆபீசுக்கு முன் சிடியா டாப்பு போய்த் திரும்பிவிடலாம். ஒரு புது நிறத்துக்காக அந்த நான்கு மாதத்தைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பாகம் மாறுகிறது என்றால் பேச்சு வேறு. அங்கேயும் பட்டியலில் 'மேம்பட்டது' என்று போட்டிருப்பதெல்லாம் உப்புக்காற்றில் மேம்பட்டதாக இருக்காது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, கேபிள்களை ஹேண்டில் வழியாக ஹெட்செட்டுக்குள் விட்டு பிரேமுக்குள் இறக்கும் புதிய பாணி. பார்க்க அழகுதான், காற்றையும் கொஞ்சம் கிழிக்கும். ஆனால் இந்த ஊரில் முதலில் துருப்பிடிப்பது ஹெட்செட்டின் மேல் பேரிங். வியர்வை சொட்டுவது அதன் மேல், கடல்காற்று அடிப்பதும் அதன் மேல். கேபிள் வெளியே ஓடும் பழைய பிரேமில் ஸ்டெம்மைக் கழற்றி, போர்க்கைக் கொஞ்சம் இறக்கி, பேரிங்கை மாற்றிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். உள்ளே ஓடும் பிரேமில் பல மாடல்களுக்கு பிரேக் ஹோஸையே பிரித்து, மறுபடி மாட்டி, காற்றெடுத்து முடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த மெக்கானிக் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்? சென்னை மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல நாமே செய்ய வேண்டியதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே, கேபிள் வெளியே தெரியும் போன தலைமுறை பிரேம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன்.

பிரேக்கில் என் கட்சி நேர் எதிர். ரிம் பிரேக் உள்ள பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் வேண்டாம் என்பேன். மழையில் செம்மண் கலந்த நீர் ரிம்மில் ஒட்டி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ரிம்மை அரைத்துத் தின்னும். தெற்கு அந்தமான் ரோட்டின் ஏற்ற இறக்கங்கள் நீளமில்லை, செங்குத்து. இறக்கத்தின் அடியில் வளைவு இருக்கும், வளைவில் மாடு நிற்கும். டிஸ்க்கிலும் கேபிள் இழுக்கும் வகையைவிட ஹைட்ராலிக் மேல், கேபிள் துருப்பிடிக்கும் என்பதால். ஷிமானோவில் ஊற்றுவது மினரல் ஆயில், ஈரத்தை உறிஞ்சாது. டாட் திரவம் ஊற்றும் பிரேக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷம் முழுக்க ஈரக்காற்றில் வாழ்கிறவர்கள் இதை மாடல் வருஷத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானிக் கியர் பற்றிக் கேட்பார்கள். 2022-இல் 105-லேயே டிஐ2 என்ற ஷிமானோவின் எலக்ட்ரானிக் கியர் வந்துவிட்டது. துருப்பிடிக்கக் கேபிள் இல்லை என்பது இங்கே உண்மையிலேயே பெரிய லாபம், மறுக்கமாட்டேன். ஆனால் அதன் பேட்டரி லித்தியம். விமானத்தில் பார்சலாக அனுப்பப் பல கூரியர்கள் கை விரிக்கும், கடைசியில் அதுவும் கப்பலில்தான் வரும். 2023-இல் வந்த சாதாரணக் கேபிள் 105 எனக்குப் போதும். இன்னர் கேபிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

காத்திருக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரு புதுமை, ஷிமானோவின் க்யூஸ். கிளாரிஸ், சோரா, டியாக்ரா மூன்றின் இடத்தையும் பிடிக்க, வளைந்த ஹேண்டிலுக்கான க்யூஸ் 2024-இல் வந்தது. லிங்க்கிளைட் என்ற தடித்த பல் கேசட், பழையதைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. பாதி உண்மை என்றாலும் எங்களுக்கு லாபம். சங்கடம் என்னவென்றால், அதன் கேசட்டும் ஷிப்டரும் பழைய வகையோடு சேராது. இன்றைக்கே சைக்கிள் வேண்டும், பாகம் எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்பவருக்கு சோராவோ டியாக்ராவோ போதும். அவசரமில்லை, பட்ஜெட்டும் குறைவு என்பவர் க்யூஸ் வரும் மாடலுக்குக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இந்தத் தீவுகள் உலகத்துக்குக் கொடுத்த சைக்கிள் வீரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சுனாமியில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டும், 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிளில் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்ற எசோ ஆல்பனும் ஓட்டியது டிராக் சைக்கிள். அதற்கு ஒரே கியர், பிரேக்கே இல்லை!

காத்திருந்தவர்களுக்கு நிஜமாகவே பணம் மிச்சமான தருணம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதை மாடல் வருஷத்தின் கணக்கில் எழுதக்கூடாது. வரி குறையப்போகிறது என்ற செய்தி வந்தால் சில வாரம் பொறுக்கலாம்.

தள்ளுபடியில் மிச்சமாகும் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். சைக்கிள் வரும் அதே பெட்டியில் இரண்டு செயின், ஒரு கேசட், பிரேக் பேட், ஹெட்செட் பேரிங் ஒரு ஜோடி போட்டு வாங்குங்கள். கோடையில் தனிக்காரி அணை வற்றி, குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் ஊரில் சைக்கிளைத் தினம் கழுவ முடியாது. ஓட்டி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, செயினில் எண்ணெய் விடுவதுதான் நடக்கும். அதனால் பாகம் சீக்கிரமே தேயும்.

பெட்டியில் மறக்கவே கூடாதது, கியர் மாற்றும் பின் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர். கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், நிமிர்த்தும்போது உடைந்தும் போகும். பிரேமுக்குப் பிரேம் வேறு என்பதால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்க முடியாது. போன தலைமுறை பிரேம் வாங்குகிறவர்கள் அதைக் கடைக்காரர் கிடங்கில் இருக்கும்போதே இரண்டாக எடுத்துவிட வேண்டும். "அப்புறம் அனுப்புறேன் சார்" என்று அவர் சொன்னால், அது வந்து சேரும்வரை பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.