பனிச்சறுக்குக்கு எங்கே, எப்போது?

அரையாண்டு விடுமுறையா, பொங்கலா என்று நாள் பார்க்கும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு முதலில் ஒன்று: நோக்கம் பனிச்சறுக்கு என்றால் இரண்டையும் விடுங்கள். பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாம் வங்கக்கடல் தாழ்வுநிலைக்குக் காத்திருப்பதுபோல, இமயமலை குளிர்காலத்தில் ‘மேற்கத்திய இடையூறு’க்குக் காத்திருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் அந்தச் சுழற்சிகள் அடுத்தடுத்து வந்தால்தான் பனி குவியும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் காஷ்மீரில் ‘சில்லை கலான்’ கடுங்குளிர். ஆனால் குளிர் மட்டும் போதாது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025இல் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனியில்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குப் போயின.

அப்படியும் என் முதல் தேர்வு குல்மார்க்தான். காரணம் உயரம். ஊர் சுமார் 2,650 மீட்டர். கொண்டோலா ரோப்கார் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. கீழே மழையாகப் பெய்யும் நாளிலும் மேலே பனியாகவே விழ வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த உச்சி பழகியவர்களுக்கு மட்டும். புதிதாய்க் கற்பவர்கள் கீழ்ச்சரிவில் பயிற்சியாளரோடு இருங்கள்.

உத்தராகண்டின் ஔலி கற்றுக்கொள்ள இதமான சரிவு. உயரம் குறைவு என்பதால் பனி ஏமாற்றும். 2023இல் சர்வதேசப் போட்டியே ரத்தானது. கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து ஔலிக்கு ஏறும் ரோப்காரும் நின்றது. சாலை வழியாகவே திட்டமிடுங்கள்.

பிள்ளைகள் பனியில் விளையாடினால் போதுமா? மணாலி பக்கம் சோலாங் போதும். அங்கே பனி இல்லாவிட்டால் அடல் சுரங்கம் கடந்து சிஸ்ஸு. ஊட்டி போதாதா என்றால், அங்கே ஜனவரி விடியலில் புல்மேல் படிவது உறைபனி, வெயில் ஏறினால் கரைந்துவிடும், சறுக்க உதவாது.

வானிலைத் துறை அறிக்கையைக் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து தினமும் பாருங்கள். ‘கனத்த பனிப்பொழிவு’ என்றிருந்தால் மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் வேண்டும். ஸ்ரீநகர் விமானம் ரத்தாகலாம், தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு ஏறும் சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி இல்லாமல் வண்டி நகராது. ஆகவே திரும்பும் டிக்கெட்டுக்கு முன் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். புதுப்பனி விழுந்த அடுத்த இரண்டு நாள் பனிச்சரிவு அபாயம் அதிகம். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் அப்படி விலகிச் சறுக்கிய ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார்.

காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது. எச்சரிக்கைகளைப் பார்க்கக் குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.