துவித எண்: தராசில் ஒரு பாடம்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது பல பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றது. அவர்கள் இன்று பெற்றோர். தம் பிள்ளை 9ஆம் தரக் கணிதத்தில் துவித எண் பாடத்தைக் கொண்டுவந்தால் அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. நிறுக்கத் தெரிந்தவருக்கு இது விளங்கும்.

1, 2, 4, 8 கிலோ படிக்கற்கள் ஒவ்வொன்று உள்ளன எனக் கொள்வோம். 13 கிலோ விதை வெங்காயம் நிறுக்க 8, 4, 1 வேண்டும், 2 வேண்டாம். பெரிய கல்லிலிருந்து தொடங்கி, வைத்ததற்கு 1, வைக்காததற்கு 0 எழுதினால் 1101. இதுவே 13இன் துவித வடிவம். மின் உண்டு, இல்லை என்னும் இரு நிலைகளில் இயங்கும் கணினிக்கு இந்த இரண்டு இலக்கங்களே போதும்.

கணினிக்குக் கொடுக்கும் செய்நிரல்:

1. எண்ணைப் பெறு.
2. அதை 2ஆல் வகு. மீதியை, முன் எழுதிய மீதிகளின் இடப்பக்கத்தில் எழுது.
3. ஈவு 0 ஆயின் நிறுத்து. இல்லையேல் ஈவை எண்ணாகக் கொண்டு 2ஆவது கட்டளைக்குச் செல்.

13ஐ இவ்வாறு வகுத்தால் ஈவு 6, 3, 1, 0. மீதி 1, 0, 1, 1. எழுதும்போது 1, 01, 101, 1101 என வளரும்.

பயிற்சி: 22ஐ மாற்றுக. விடை 10110. 16, 4, 2 ஆகியவற்றைக் கூட்டிச் சரிபார்க்கவும். இதற்குக் கணினி வேண்டாம், சிலேட்டு போதும்.